செத்த சாமான்

கொக்கி என்று எல்லாரும் கூப்பிடுகிற அண்ணனின் விரலைப் பிடித்து, திறந்த ஹார்டு டிஸ்க்கின் தட்டின்மேல் வைத்தது நான்தான். அவர் கையை இழுத்துக்கொண்டார். "சும்மா தொடுங்கண்ணே, செத்த சாமான்தான்" என்று சொல்லி மறுபடி பிடித்து வைத்தேன்.

சரக்குக் கிடங்கின் மாடியில், பழைய துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு எட்டு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுதான் வகுப்பறை. மாணவர்கள் பதினொரு பேர், எல்லாரும் சுமை ஏற்றி இறக்குகிறவர்கள். என்னைவிட வயதில் சின்னவர் ஒருவரும் இல்லை. கிடங்கில் இனி மூட்டை எண்ணுவதற்குத் திரையும் கையில் பிடிக்கிற ஸ்கேனரும் வரப்போகின்றன, அதற்குமுன் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் அடிப்படை தெரிய வேண்டும் என்று நிர்வாகம் ஒரு பயிற்சி நிலையத்திடம் சொன்னது. நிலையம் என்னை அனுப்பியது. ஆறு வாரம், காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை.

முதல் நாள் ஒருவரும் மௌசைக்கூடத் தொடவில்லை. மேசைக்கு ஓர் அடி தள்ளி, கையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எண்பது கிலோ மூட்டையை ஒரே மூச்சில் முதுகில் ஏற்றுகிற ஆட்கள்.

"உடைஞ்சா எங்க தலையில விழும் சார். நீங்க பண்ணிக் காட்டுங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றார் ஒரு அக்கா. வாயாடி என்பது அவருக்குக் கிடங்கில் வைத்த பெயர். கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பார்.

அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருந்தது. கிடங்கில் எது உடைந்தாலும் கடைசியாகத் தூக்கியவர்தான் உடைத்தவர். லாரி டிரைவர் குழியில் இறக்கி ஏற்றியிருப்பார், பெட்டி கட்டியவர் ஒழுங்காகக் கட்டியிருக்க மாட்டார், ஆனாலும் பெட்டி யார் முதுகில் இருக்கும்போது சத்தம் கேட்டதோ அவர் பெயர்தான் மேஸ்திரியின் வாயில் வரும். யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். நிலையத்தில் தூக்கிப் போட வைத்திருந்த பழைய சாமான்களை ஒரு நீல பிளாஸ்டிக் ட்ரேயில் அள்ளி வந்தேன். எரிந்துபோன மதர்போர்டு, பல் உடைந்த ரேம், சுற்றாத மின்விசிறி, நாலைந்து ஹார்டு டிஸ்க். "இதெல்லாம் செத்த சாமான். இதுல உடைய ஒண்ணும் இல்லை. பிடிங்க, திருப்புங்க, கீழே போட்டாலும் பரவாயில்லை." இரண்டு வாரத்தில் கைகள் வெளியே வந்துவிட்டன. அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஹார்டுவேர், சாஃப்ட்வேர் வித்தியாசத்தைப் புத்தகத்தில் இருக்கிறபடி சொன்னபோது பதினொரு முகமும் சுவர் மாதிரி இருந்தன. விட்டுவிட்டு, "மூட்டை ஹார்டுவேர். எந்த மூட்டையை எங்க இறக்கணும்னு மேஸ்திரி சொல்றாரே, அது சாஃப்ட்வேர்" என்றேன்.

"அப்போ மேஸ்திரி திட்டறாரே, அது?" என்றார் வாயாடி.

"அது வைரஸ்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அறையே சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. அப்படிச் சொன்னவர்தான் கொக்கி. ஐம்பது வயதுக்கு மேல். மூட்டையில் மாட்டி இழுக்கிற இரும்புக் கொக்கி எப்போதும் அவர் தோளில் தொங்கும், வகுப்புக்கும் அதோடுதான் வருவார். மறுநாளிலிருந்து முதல் வரிசைக்கு வந்துவிட்டார். ரேமுக்கும் டிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டதற்கு, "முதுகுல இருக்கறது ரேம், இறக்கி அடுக்கினது டிஸ்க். கரண்ட் போனா முதுகுல இருக்கறது போச்சு" என்று பதில் சொன்னார். அதை நான் இன்றைக்கும் மற்ற வகுப்புகளில் என் சொந்த உதாரணம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை அவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். மகள் கட்டட வரைபடப் படிப்பில் கடைசி வருடம். நான்கு மாதமாக ஒரு பெரிய வேலையை அதில் வரைந்துகொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டி உயிர் விட்டுவிட்டது. பன்னிரண்டு நாளில் சமர்ப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருடமே போய்விடும்.

"பாப்பா கடைக்குக் கொண்டு போறேன்னா. எங்க சார் இருக்காருன்னு நான்தான் புடுங்கிட்டு வந்தேன்" என்றார். 'எங்க சார்' என்பதை அழுத்திச் சொன்னார்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் திறந்து பார்த்தேன். பவர் சப்ளை எரிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வகுப்புக் கம்ப்யூட்டர் ஒன்றில் மாட்டினேன். எல்லாம் பத்திரமாக இருந்தது. ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். தரைத்தளம், மாடி, கழிப்பறைக் குழாய் போகும் வழி வரைக்கும் தனித்தனிக் கோப்பாக, தேதி போட்டுச் சேமித்திருந்தாள். நான் படித்த காலத்தில் இவ்வளவு ஒழுங்காக வைத்ததில்லை. அப்போதே அதை நகல் எடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று டிஸ்க்கைக் கழற்றினேன்.

பழுதுபார்க்க வருகிற சாமானுக்கு ஒரு இரும்பு அலமாரி இருக்கிறது. பெயர் எழுதிச் சீட்டு ஒட்டி அதில்தான் வைக்க வேண்டும். அலமாரி அறையின் அந்தக் கோடியில் இருந்தது. நீல ட்ரே கைக்குப் பக்கத்தில் இருந்தது, அதில் வைத்துவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. சோம்பல்தான்.

செவ்வாய்க்கிழமை பாடம், டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது. ட்ரேயில் மேலாக இருந்ததை எடுத்தேன். நட்சத்திரத் தலைத் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியைத் தூக்கியதும் உள்ளே வட்டத் தட்டு பளபளவென்று மின்னியது. பதினொரு பேரும் சுற்றி நின்றார்கள்.

"அடேயப்பா, முகம் பார்க்கலாம் போலிருக்கே" என்று வாயாடி குனிந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"இதுலதான் எல்லாம் எழுதி வைக்குது. இந்த ஊசிக்கைதான் எழுதறது, படிக்கறது." அதை விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிக் காட்டினேன். தட்டின்மேல் மெல்லிய கோடுகள் விழுந்தன. "நடக்கற டிஸ்க்குல ஒரு தூசி விழுந்தாக்கூடப் போச்சு. இது செத்தது, பயப்படாதீங்க. வாங்கண்ணே, முதல்ல நீங்க தொடுங்க."

கொக்கி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். துடைத்த பின்னும் விரலை நீட்ட யோசித்தார். அப்போதுதான் பிடித்து வைத்தேன். அவர் விரல் தடித்து, நகம் பிளந்து இருக்கும். வட்டத்தின் மேல் அச்சு அப்படியே விழுந்தது. அவருக்குப் பின்னால் பத்து பேர் தொட்டார்கள்.

அவர்கள் போனபின் ட்ரேயை ஒழுங்குபடுத்தும்போது இன்னொரு டிஸ்க் கையில் கலகலவென்று ஆடியது. திங்கட்கிழமை வரை ட்ரேயில் மேலாக இருந்த செத்த டிஸ்க் அதுதான். அதே கம்பெனி, அதே அளவு. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து, திறந்து கிடந்த டிஸ்க்கின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். முந்தின நாள் கொக்கியின் பெட்டியில் நான் கழற்றிய வயரின் கறுப்புத் தடம் ஒட்டுச்சீட்டில் இருந்தது. பார்க்காமலே தெரிந்ததுதான், ஆனாலும் இரண்டு முறை பார்த்தேன்.

தூசியில்லாத அறை வைத்து இப்படிப்பட்டதை மீட்டுத் தருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே படம் எடுத்து அனுப்பினேன். கீறல் விழுந்துவிட்டது, விரலும் பட்டிருக்கிறது, அனுப்ப வேண்டாம் என்று அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

மறுநாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் கொக்கி மாடிக்கு வந்தார். உடம்பெல்லாம் மாவுத் தூள்.

"என்ன சார், நம்ம பெட்டி எழுந்துச்சா?"

சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். காலையிலிருந்து வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"பவர் சப்ளை போயிருக்குண்ணே. டிஸ்க்கும் போயிருக்கு."

"டிஸ்க்கா? அப்போ பாப்பா வரைஞ்சதெல்லாம்?"

நான் தலையை ஆட்டினேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, என்னைப் பார்க்காமல், "டிஸ்க்கை ஆட்டக்கூடாதுன்னு முதல் வாரமே சொன்னீங்க. நான் பஸ்ல கூட்டம்னு தோள்லயே வெச்சு நடந்து வந்தேன் சார். பாலத்துகிட்ட ஒரு தடவை தோள் மாத்தினேன். அதுலதான் போயிருக்குமோ?" என்றார்.

கரண்ட் இல்லாமல் நிற்கிற டிஸ்க் தோள் மாற்றினால் சாகாது. அது எனக்குத் தெரியும்.

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அவர் அதை மூட்டை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார், முதுகைக் கொஞ்சம் தாழ்த்தி. "சரி சார். உங்களுக்கு வேற வீண் சிரமம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை பாடம், நகல் எடுத்து வைப்பது. நான் பேச ஆரம்பித்ததும் கொக்கி தானாகவே எழுந்து நின்றார். "சார் சொல்றதைக் கேட்டுக்கங்க. நான் என் பொண்ணோட நாலு மாசத்தை நடுரோட்டுல ஆட்டிக் கொன்னுட்டேன். அவ மூணு நாளா என்கூடப் பேசறதில்ல. சாப்பாட்டைத் தட்டுல போட்டு வெச்சுட்டுப் போயிடறா."

பிறகு வாயாடி, "முப்பது வருஷமா மூட்டை தூக்கற ஆளு, எட்டுக் கிலோ பெட்டியைத் தூக்கத் தெரியலையே! இனிமே உன் பேரு கொக்கி இல்லய்யா, உடைச்சான்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். கொக்கியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயெல்லாம் கசக்கிறது. சாயங்காலத்துக்குள் கிடங்கு முழுக்க அந்தப் பெயர் பரவியிருந்தது. நான் கீழே இறங்கி வரும்போது லாரி மேலிருந்து யாரோ, "ஏய் உடைச்சான், கண்ணாடிப் பெட்டி வருது, நீ தள்ளிப் போ" என்று கத்தினார்கள். அவர் உண்மையாகவே தள்ளிப்போய் நின்றார்.

அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பது வருடம் கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். கழுத்தை இப்போதும் முழுதாகத் திருப்ப முடியாது.

"அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வருமா?"

"நான் சொன்னாத்தான்."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "மேல இருக்கறவன் உடைப்பான், கீழ இருக்கற எங்க தலையில போடுவான். எத்தனை பார்த்தாச்சு. இப்போ நீ போடற இடத்துக்கு வந்துட்ட. படிக்க வெச்சது வீண் போகலை."

குரலில் கிண்டலே இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொக்கியின் வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. புது பவர் சப்ளையும் புது டிஸ்க்கும் மாட்டிய பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, மனதைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு வரலாம் என்று போனேன்.

ஒரு மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. கீழே மில் ஓடும்போது தரை அதிர்ந்தது. ஜன்னல் பக்கம் மேசையில் மகள் உட்கார்ந்து காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தாள். முதல் இரண்டு மாத வேலை ஒரு பென் டிரைவில் இருந்ததாம். மீதியை நினைவிலிருந்து காகிதத்தில் அளவு போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கொக்கி கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார், வேறொருவர் வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

"வாங்க சார், வாங்க! பாப்பா, எங்க சார்." அவர் துள்ளி எழுந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்க வந்தார். பாதி வழியில் நின்று, "நீங்களே வெச்சிடுங்க சார்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் பெட்டியை வைத்து, வயர்களை மாட்டினேன். பெட்டி ஓடியது. மகள் நன்றி சொன்னாள். பிறகு, "பழைய டிஸ்க்கைக் குடுங்க சார். எங்க காலேஜ் லேப்ல ஒருத்தர் பார்த்துத் தரேன்னு சொல்லியிருக்காரு. சத்தம் வந்தாக்கூட சில சமயம் எடுத்துடலாமாம்" என்றாள்.

"அது... தூக்கிப் போட்டாச்சும்மா."

"என்கிட்டக் கேக்காமலா?"

"விடும்மா" என்றார் கொக்கி. "செத்த சாமானை வெச்சு சார் என்ன பண்ணுவாரு? தப்பு என்னுது. சார்கிட்ட ஏன் குரலை உசத்தற?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீ பேசாதப்பா. தயவுசெஞ்சு நீ மட்டும் பேசாத."

அவர் வாயை மூடிக்கொண்டு மறுபடி கதவோரம் போய் உட்கார்ந்தார். முதுகில் மூட்டை இல்லாமலே அந்த மனிதர் அப்படிக் குனிந்ததைப் பார்த்ததும் என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"உங்கப்பா உடைக்கலை" என்றேன். "நான் உடைச்சேன்."

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. முதலில் கொக்கிதான் பேசினார். "சார் நமக்காகச் சொல்றாரும்மா. பெரிய மனசு."

"இல்லண்ணே. நெஜமாத்தான். பெட்டி வந்த அன்னிக்கு டிஸ்க் நல்லா இருந்துச்சு. மாட்டிப் பார்த்தேன். அந்த ஸ்கூல் கட்டடம், குழாய் வரைபடம் எல்லாம் பார்த்தேன்."

"சும்மா இருங்க சார்." அவர் சிரிக்கக்கூடச் செய்தார். "எட்டுக் கிலோவைத் தோள் மாத்தினவன் நான். எனக்குத் தெரியாதா?"

அவர் நம்பவே தயாராக இல்லை. வாழ்நாள் முழுக்க உடைந்ததையெல்லாம் தன் கணக்கில் வாங்கிப் பழகியவர். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஒருவன் வருவான் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழாய் வரைபடம் சனிக்கிழமைதான் போட்டேன். அப்பாவுக்கே தெரியாது" என்றாள். பிறகு மெதுவாக, "செவ்வாய்க்கிழமை வந்து, கிளாஸ்ல டிஸ்க்கைத் திறந்து காட்டினாங்க, கண்ணாடி மாதிரி இருந்துச்சு, நான்தான் முதல்ல தொட்டேன்னு பெருமையாச் சொன்னாரு. அதுவா சார்?"

"அதுதான்."

கொக்கி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்தார்.

"நான் வேணாம்னுதானே கையை இழுத்தேன்" என்றார்.

"ஆமாண்ணே."

"சரி, அது தெரியாம நடந்தது. புதன்கிழமை நான் வந்து கேட்டப்போ? தோள் மாத்தினேன், அதுல போயிருக்குமான்னு கேட்டேனே. அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் இருக்கலாம்னு சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.

மகள்தான் காகிதமும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள். சரியான காரணத்தோடு கடிதம் இருந்தால் கல்லூரியில் பதினைந்து நாள் கூடுதலாகத் தருவார்களாம். நான் எழுதினேன். பழுதுபார்க்கும்போது டிஸ்க் சேதமடைந்துவிட்டது என்று எழுதி, பயிற்சி நிலையத்தின் பெயரைப் போட்டு நீட்டினேன்.

அவள் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "யாரு கையிலன்னு இல்லையே சார்."

கிழித்துவிட்டு, என் பெயரைப் போட்டு, நான் சோதிக்காமல் திறந்தேன் என்று எழுதினேன். கையெழுத்துப் போடப் போகும்போது கொக்கி பின்னாலிருந்து, "அந்த இருக்கலாம்னு சொன்னதையும் எழுதுங்க" என்றார்.

"அது காலேஜுக்கு எதுக்குப்பா?"

"காலேஜுக்கு இல்ல. வேற பேப்பர்ல எழுதட்டும். நாளைக்கு கிளாஸ்ல அவரே படிக்கட்டும். எனக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்கம்மா. உன்கிட்டச் சொல்லல."

அவள் அப்பாவைப் பார்த்தாள். என்ன பெயர் என்று கேட்கவில்லை. எழுந்துபோய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நான் எழுதி முடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அதைப் பதினொரு பேர் முன்னால் படித்தேன். அரைப் பக்கம்தான். வாயாடிதான் முதலில், "அப்போ நானும் அந்தப் பொண்ணோட படிப்பு மேலதான் தலை சீவினேனா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கல்லூரியில் பதினைந்து நாள் கொடுத்தார்கள். கடிதத்தைப் பார்த்து அங்கிருந்து யாரோ விசாரிக்க, நிலையத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். இந்த வகுப்பை முடித்துவிட்டு வா, பிறகு பேசலாம் என்றார்கள். இரண்டு வாரம் பாக்கி இருந்தது. பாடம் நடத்தித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதர்போர்டு. மாட்டும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு நீல ட்ரேயைச் சுற்றில் விட்டேன். முதல் ஆளே, "சார், இது செத்ததுதானா, நல்லாப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "எங்களுக்கும் காட்டுங்க" என்றார் வாயாடி. ஒவ்வொன்றையும் வகுப்புக் கம்ப்யூட்டரில் மாட்டி, வேலை செய்யவில்லை என்று அவர்கள் கண்ணால் பார்த்தபின்தான் கையில் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற பாடம் இரண்டு மணி நேரமும் இழுத்தது.

கொக்கி முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ட்ரே அவரிடம் வந்தது. ஓரத்தைப் பிடித்து அப்படியே பக்கத்து ஆள் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துப் பாருங்கண்ணே" என்றேன்.

"இங்கிருந்தே தெரியுது சார்" என்றார். இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றார்.